பன்னிரண்டாவது நேர்காணல்

சாய்ந்தமருது
14.09.2024

அன்புள்ள சிபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மச்சானும் பிள்ளைகளும் கட்டாரில் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் என்னை நீ தடுத்து வைத்திருப்பதால் இதைக் கடிதமாக எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் உங்கள் பக்கத்து வீட்டு றிப்தியிடம் கொடுக்கிறேன். நீ தடுத்தது நியாயம்தான். உன் இடத்தில் நான் இருந்தால் ஆள் அனுப்பி அடித்திருப்பேன்.

பெண் பிள்ளைக்குச் சீதனமாக வீட்டை எழுதிக் கொடுத்த தாய்மார் அதன் பிறகு எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் என் முதுமாணிப் பட்ட ஆய்வு. பன்னிரண்டு தாய்மாரை நேர்காண வேண்டும் என்று சேர் சொன்னார். பதினொரு பேர்தான் கிடைத்தார்கள். பன்னிரண்டாவதை நானே கற்பனையில் கட்டினேன். மகள் வெளிநாட்டில், வீடு வாடகைக்கு, தாய் குசினியில் அடுப்புப் பக்கம் பாய் போட்டுப் படுக்கிறார் என்று எழுதி, அதற்கு உங்கள் தாய்வழிக் குடியின் பெயரையும் போட்டுவிட்டேன். ஆய்வை முன்வைத்த அன்று சபையில் நம்மூர் ஆள் ஒருவர் இருந்தார். ஊரே கதைக்கத் தொடங்கியது. மீதி உனக்குத் தெரியும்.

உன் உம்மா என்னிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. மாமி தன் அறைக்குள்ளேதான் படுக்கிறார். நான் எழுதியது பொய். மன்னித்துக்கொள்.

வஸ்ஸலாம்,
ஜெசீமா


சாய்ந்தமருது
20.10.2024

அன்புள்ள சிபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் கடிதத்தைப் படித்துவிட்டு, அவளை நான் மன்னித்துவிட்டேன் என்று நீ மாமியிடம் போனில் சொன்னாயாம். மாமி சந்தோசமாக வந்து சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். உம்மா நன்றாகத்தானே இருக்கிறார், டிசம்பரில் வரத் தேவையில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று டிக்கட்டை நீ தள்ளிப் போட்டுவிட்டாயாம். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இந்த முறை இது தபாலில் வருகிறது.

போன கடிதம் மாமி எழுதச் சொன்னது. பன்னிரண்டாவது நேர்காணலை நான் கட்டவில்லை, சிபானா. அது உன் உம்மா.

யார் மீதும் கோபப்படாதே. அவரை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. உங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தது. கொஞ்ச நாளைக்கு மாமியின் அறை கிடைக்குமா என்று, வீட்டைப் பார்த்துக்கொள்கிற உன் மச்சானின் தம்பி சப்ரியிடம் கேட்டார்கள். சப்ரி தயங்கித் தயங்கி மாமியிடம் கேட்டார். மருமகன் பக்கத்தாரிடம் இல்லை என்று சொல்ல மாமிக்கு வாய் வருமா? தலையணையைத் தானே தூக்கிக்கொண்டு பின்னால் குசினிக்குப் போனார். அந்தப் பிள்ளை இப்போது ஓடித் திரிகிறது. நீ வீடியோவில் காணும் பச்சைத் திரை வாடகைக்காரரின் விறாந்தையில் தொங்குவது. நீ போன் எடுக்கிற நேரத்துக்கு அவர்களிடம் கேட்டுவிட்டு அங்கே வந்து உட்காருகிறார்.

என் பிழைக்கு வருகிறேன். மாமியின் பெயரை மாற்றினேன், வயதை மாற்றினேன், வீடு இருக்கிற ஒழுங்கையைக்கூட மாற்றினேன். குடியை மட்டும் மாற்றவில்லை. எந்தக் குடியில் எப்படி வீடு கொடுக்கிறார்கள் என்பதுதான் என் நாலாவது அட்டவணை. குடியை எடுத்தால் அட்டவணை விழும், அட்டவணை விழுந்தால் அத்தியாயம் விழும். உங்கள் குடியில் ஒரே மகளைக் கட்டாருக்கு அனுப்பிய விதவைத் தாய் எத்தனை பேர்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, நெறிமுறைப் படிவத்தில் அடையாளம் பாதுகாக்கப்பட்டது என்று கையெழுத்தும் வைத்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை. என் மேற்பார்வையாளர் கனகரெத்தினம் சேர் காரைதீவுக்காரர். அங்கேயும் குடி உண்டு. முதல் வரைவைப் பார்த்த உடனேயே, "பிள்ள, குடியைச் சொன்னா ஆளைச் சொன்ன மாதிரித்தான். அதை எடுத்துப் போட்டு முன்வையுங்க" என்றார். அடுத்த கிழமை எடுத்தாயிற்றா என்று கேட்டார். ஓம் சேர் என்றேன். எடுக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் கண்டியிலிருந்தும் வருகிற பரீட்சகர்களுக்கு எங்கள் குடி என்ன விளங்கப் போகிறது என்று நினைத்தேன். பின்வரிசையில் நம்மூர்ப் பள்ளிவாசல் நிருவாகத்து ஆள் வந்து உட்காருவார் என்று நினைக்கவில்லை.

ஆனால் நான் வெட்கப்படுவது அதற்கு மட்டும் இல்லை. மாமி என்னிடம் பேசியது பெப்ரவரியில், அந்தக் குசினியில் வைத்துத்தான். எனக்கு உட்காரப் பலகையைப் போட்டுவிட்டு அவர் அரிசி மூட்டைப் பக்கம் உட்கார்ந்தார். பேசிக்கொண்டே இருந்தவர் இடையில் அழுதார். அந்த நேரம் நான் என்ன செய்தேன் தெரியுமா? பதிவு ஓடுகிறதா என்று போனைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து என் உம்மாவிடம், இன்றைக்கு நல்ல தரவு கிடைத்தது என்றேன். பத்து வயதிலிருந்து நான் சோறு தின்ற வீடு அது. ஊரே கதைக்கிற வரைக்கும், ஏழு மாதமாக, உனக்கு ஒரு வரி அனுப்பவில்லை. அனுப்பினால் நீ ஓடி வருவாய், மாமி அறைக்குப் போய்விடுவார், என் அத்தியாயம் பழசாகிவிடும் என்று ஒரு நாள் உண்மையாகவே நினைத்தேன்.

ஊரில் கதை பரவிய பிறகு மாமியிடம் போனேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். தேத்தண்ணி ஊத்தித் தந்தார். பிறகு சொன்னார்: "எழுதினது பொய் எண்டு அவளுக்கு ஒரு காயிதம் போடு மகள். ஒனக்கு ஒண்டும் கொறஞ்சிராது. அவள் அங்க நிம்மதியாச் சோறு தின்னட்டும்." நான் வெளியே யாருக்கும் சொல்லமாட்டேன் என்ற நம்பிக்கையில்தான் அவர் அன்றைக்கு வாய் திறந்தார். அதை உடைத்தவள் வேறு எந்த முகத்தோடு மறுப்பது? எழுதிக் கொடுத்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார். அறைக்குள்ளேதான் படுக்கிறார் என்ற வரியை இரண்டு தரம் கேட்டார்.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். கனகரெத்தினம் சேரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சரி பிள்ளை என்றார், அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆய்வேடு இன்னும் ஆறு மாதம் பின்னுக்குப் போகிறது. போகட்டும். பதிவையும் மாமிக்கு முன்னால் அழித்தேன்.

இப்போது இரண்டாம் தரமும் அவருக்குக் கொடுத்த வாக்கை உடைக்கிறேன். மழை தொடங்கிவிட்டது. குசினித் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று கேட்டேன். ஊர் கதைத்தது உண்மை என்று ஆகிவிடும் என்று மறுத்துவிட்டார். என் பொய் அவரை அந்தக் குசினியிலேயே பூட்டிவிட்டது. அதைத் திறக்க உன்னால்தான் முடியும்.

டிசம்பர் வரைக்கும்கூடப் பார்த்திருக்காதே, கிடைக்கிற விமானத்தில் வா. வருவதாக யாருக்கும் சொல்லாதே, சப்ரிக்கும் சொல்லாதே. சொன்னால் மாமி எப்படியாவது அன்றைக்கு அந்த அறையைக் கேட்டு வாங்கி, அங்கே பாயை விரித்துவிடுவார். வந்தால் அவரை ஒன்றும் கேட்காதே. லீவு கிடைத்தது, வந்தேன் என்று மட்டும் சொல். ஜெசீமா ஏதும் எழுதினாளா என்று கேட்பார். இல்லை உம்மா, அவள் பொய்க்காரி, அவளோடு எனக்குக் கதையே இல்லை என்று சொல்லு.

அல்லாஹ் உன்னை நல்லபடி உன் உம்மாவிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வஸ்ஸலாம்,
ஜெசீமா