கல் சொன்ன பதில்

உள்ளங்கையில் தேங்காய்நார் வாசனை இன்னும் போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தாயிற்று, மீன் குழம்பு பிசைந்து சாப்பிட்டாயிற்று. எல்லாவற்றையும் மீறி அது மூக்குக்கு வருகிறது. நேற்று பல்லாவரத்துக் கல்குவாரிக்குப் போயிருந்தேன், தோஸ்து. தனியாக, உன் கட்டுமரத்துக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் நான் தூக்குப் போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, இறங்கும்வரை வாழ்க்கையின் மேன்மைகளை எனக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த மின்சார ரயில் புதிதாக ஓடத் தொடங்கிய காலத்தில்தான் உனக்கு அந்த ஆசை வந்தது. துறைமுகத்துக்காகக் கடலில் கல்லைக் கொட்டக் கொட்ட, நீரோட்டம் திரும்பி நம் ராயபுரத்துக் கரையை அரித்துக்கொண்டிருந்தது. உன் வீட்டின் பின்சுவர் ஒரு நாள் அலையோடு போயிற்று. மறுநாள் நீ என்னிடம் வந்து சொன்னாய்: "நம்ம வூட்ட துன்ன கல்லு பல்லாவரத்துலேந்துதான் வருதாம். அத்த ஒரு தபா ஏறி மிதிக்கணும் மாமு."

படையெடுப்பின் சகல ஏற்பாடுகளுக்கும் அடியேன் பொறுப்பேற்றேன். இமயத்துக்குப் புறப்பட்ட துரைமார்கூட அப்படித் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். கடலுக்குப் போகிறவனும் கல்லுடைக்கிறவனும் அமாவாசையன்று வேலை செய்வதில்லை. ஆகையால் அமாவாசையைக் குறித்தேன். காவல்காரருக்கு வஞ்சிரக் கருவாடு கொண்டுபோனேன். அதன் மணத்துக்குக் குவாரி என்ன, ஜார்ஜ் கோட்டையின் கதவே தானாகத் திறந்திருக்கும். குப்பத்து ஆட்கள் ஒரு பெட்டியை நிறைத்தோம். உன் கட்டுமரக் கூட்டாளி கன்னியப்பன் ஏறியதும் ரயில் ஒரு பக்கம் சாய்ந்தது என்று இன்றும் சத்தியம் செய்வேன்.

குவாரியைப் பார்த்ததும் எல்லோரும் அண்ணாந்தோம். வெடி வைத்துப் பிளந்த செங்குத்தான பாறை, வானம்வரை. நீ ஈர மரத்தில் நிற்பதுபோல் கால்விரல்களால் கவ்விக்கொண்டு மேலே போனாய். உச்சியிலிருந்து கயிறு வந்து விழுந்தது. கூடவே கடலின் சட்டமும் வந்தது. பனி மூட்டத்தில் ஒரு கட்டுமரம் இன்னொன்றைக் காணாதபோது 'ஓ' என்று கூவுவோம்; பதிலுக்கு 'ஓ' வந்தால்தான் வலையை இழுப்போம். இங்கேயும் அப்படித்தான் என்று நீ ஏறும் முன்பே சொல்லியிருந்தாய். "பதில் வந்தா இழு. வரலியா, நீயே போய்ப் பாரு."

ஏற்பாட்டாளன் என்ற கௌரவத்தில் அடுத்து நான்தான் ஏறுவேன் என்று அடம்பிடித்தேன். கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தேன். இடுப்பில் இன்னும் கட்டவில்லை. வாயில் வடை. மேலே நீ 'ஓ' என்றாய். நான் வடையை விழுங்குவதற்குள், எதிர்ப் பாறை எனக்காகப் பதில் சொல்லிவிட்டது. கடலில் வளர்ந்தவர்கள் நாம். கூவினால் மனிதன்தான் பதில் சொல்வான் என்று நம்பினோம். நீ இழுத்தாய்.

கால் தரையை விட்டது. நிறுத்து என்று தொண்டை கிழியக் கத்தினேன். கல் அதைச் சுக்குநூறாக்கி ஓ ஓ என்று மேலே அனுப்பியது. கீழே எல்லோரும் கத்தினார்கள்; அதுவும் ஓ ஓ ஓ. இத்தனை பதில் வந்த சந்தோஷத்தில் நீ இன்னும் வேகமாக இழுத்தாய். இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது பருந்துகள் என்னைச் சுற்றி வந்து விசாரித்ததாகச் சொல்வேன். உண்மையில் நான் பார்த்ததெல்லாம் என் மணிக்கட்டு வழுக்குவதை மட்டும்தான்.

கயிற்றின் நடுக்கம் உன் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டிய ஆள் கனப்பான், தொங்குகிற ஆள் நடுங்குவான். கயிற்றைப் பாறையில் முடிந்துவிட்டு நீயே இறங்கி வந்தாய். ஒரு சின்னத் திட்டில் என்னை நெஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டாய். உன் இதயம் என் முதுகில் அடித்தது.

"நீதானே பதில் சொன்னே?"

"நான் சொல்லல. கல்லு சொல்லிச்சு."

நீ கழுத்தைத் திருப்பி எதிர்ப் பாறையைப் பார்த்தாய். பிறகு, "கல்லு பொய் சொல்லுது மாமு. கடலு சொல்லாது" என்றாய்.

திரும்பும் வழியில் அந்தப் பாறையை நான் திருப்பதி மலை உயரத்துக்கு வளர்த்துவிட்டேன். பெட்டியே சிரித்தது. நீ மட்டும் உன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த கார்த்திகையில் கன்னியப்பன் காய்ச்சலில் கிடந்ததால் நீ தனியாகக் கடலுக்குப் போனாய். பின்னாலேயே புயல். உன் கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது, இந்தக் கயிற்றோடு. பதில் வரவில்லை என்றால் நீயே போய்ப் பார் என்றாயே. காய்ச்சலோடு எழுந்து வந்த கன்னியப்பனும் நானும் போய்ப் பார்த்தோம். எண்ணூர்வரை கூவிக்கொண்டே போனோம். கடல் ஒன்றும் சொல்லவில்லை. நீ சொன்னபடியே, அது பொய் சொல்லவில்லை.

அதனால்தான் நேற்று குவாரிக்குப் போனேன். நாம் ஒட்டிக்கொண்டு நின்ற திட்டு இப்போது இல்லை. வெட்டிக் கொண்டுபோய்விட்டார்கள், துறைமுகத்தில் எங்கோ தண்ணீருக்கடியில் கிடக்கும், உனக்குப் பக்கத்தில். சுற்றுப்பாதையில் உச்சிக்குப் போய், கயிற்றின் ஒரு முனையைப் பாறையில் கட்டி மறுமுனையைக் கீழே விட்டேன். 'ஓ' என்றேன்.

பதில் வந்தது.

அது உன் குரல் என்று சொல்ல, இந்தப் புளுகனுக்கும் நாக்கு எழவில்லை. என் குரல்தான்; கல் சொல்லும் பொய்தான். ஆனால் பதில் வந்தால் இழு என்று சொன்னவன் நீ. கயிற்றை இரு கையாலும் பற்றிக்கொண்டு வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். இழுக்கவில்லை, தோஸ்து. இழுத்தால் லேசாக வந்துவிடும்.

முடிச்சை இன்னொரு முறை இறுக்கிவிட்டு, கயிறு தொங்கத் தொங்க அப்படியே விட்டுவிட்டு வந்தேன். கையில் வாசனை மட்டும் இருக்கிறது.