தலைகீழாய் ஊன்றிய முந்திரி

இன்று சந்தையில் ஒருத்தி முந்திரிப்பழத்தைக் கூறு கட்டி வைத்திருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் சிரித்துவிட்டேன். கிழவிக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அவள் நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

எழுபதுகளின் கடைசி. சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேட்டில் நடுவதற்காக, நெய்வேலி நாற்றுப் பண்ணையில் நாம் பைகளில் முந்திரிக்கொட்டை ஊன்றிக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் கான்ட்ராக்ட் கூலிகள். நான் கம்மாபுரத்துக்காரி, முந்திரித் தோப்பிலேயே வளர்ந்தவள். நீ திருநெல்வேலிப் பக்கம். மரத்தில் முந்திரி தொங்குவதை இங்கே வந்துதான் பார்த்தாய். உன் வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடக்க, உன் கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது.

காம்புப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனாலேயே உனக்கு யாரும் சொல்லவில்லை. நீ ஒரு பாத்திப் பைகள் முழுக்கத் தலைகீழாய் ஊன்றிவிட்டாய். மேஸ்திரி ஒரு பையைக் கிளறிப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "இது மொளைக்கலன்னா ஒன்ன வேலைய வுட்டு நிறுத்திடுவேன், பாத்துக்க!"

எல்லாவற்றையும் பிடுங்கித் திருப்பி வைக்கத் துடித்தாய். "கைய வைக்காதடி! வேர் வுட்டுக்கினு இருக்கும், ஒடிஞ்சிடும்" என்று தடுத்தேன். தைரியமாய்ச் சொன்னேனே தவிர, தினமும் உனக்கு முன்னால் நானே போய் அந்தப் பாத்தியை எட்டிப் பார்த்தேன். நீ சரியாய்ச் சோறே தின்னவில்லை.

ஒரு காலையில் பொறுக்கமாட்டாமல் ஒரு பையைக் கிழித்தோம். மேலே பார்த்துக் கிளம்பிய வேர், தூண்டில் முள் மாதிரி வளைந்து கீழே இறங்கியிருந்தது.

"ஏட்டி, இருட்டுக்குள்ள கெடந்த இதுக்கு எப்படித் தெரிஞ்சுது, கீழ எதுன்னு?" என்றாய். மண்ணிலேயே உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாய் என் தோளில் சாய்ந்தாய். கொஞ்சம் பிந்தினாலும் பாத்தி பச்சையானது. மேஸ்திரி பாத்தியைப் பார்த்துவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

விவசாயம் படித்த என் மகள் பிற்பாடு சொன்னாள்: வேர் நுனியில் மாவுமணிகள் உண்டாம், எப்படித் திருப்பினாலும் அவை அடிப்பக்கம் போய் உட்காருமாம், அதை வைத்து வேர் கீழ்த்திசை அறியுமாம். பிறகு மேல்பக்கம் வேகமாகவும் கீழ்ப்பக்கம் மெதுவாகவும் வளர்ந்து வளையுமாம். உன்னிடம் ஓடிவந்து சொன்னேன். "அடப் பாவமே, இது தெரியாமலா அன்னைக்கு நான் பட்டினி கெடந்தேன்!" என்றாய்.

நீ போய் ஒரு வருடம் ஆகிறது. அழாமல் இல்லை. ஆனாலும் உன்னை நினைத்தால் முதலில் வருவது உன் சாவு இல்லையடி. வேலை பிழைக்கும் என்று தெரிந்த அந்தக் காலையில் என் தோளில் நீ விட்ட பெருமூச்சு. அதன் சூடு இன்னும் அங்கேயே இருக்கிறது.