உறுத்தல் இல்லாதவன்

நேற்றுக் காலை விளாங்குடி நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்புறம் புதிதாக ஒரு பிளக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிற்றை இழுக்க இழுக்க, சுருட்டியிருந்த முகம் நெற்றியிலிருந்து மெதுவாக விரிந்தது. பாதி விரிந்தபோதே தெரிந்துவிட்டது. உன் கணவன். கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கழுத்துப்பட்டை, அதே சிரிப்பு. 'சிறைவாசிகளின் தோழர்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஏதோ பாராட்டு விழாவுக்கு ஊரை அழைத்திருந்தார்கள். புது பிளக்ஸின் மை வாடை சாலையைத் தாண்டி வந்தது. வந்த பஸ்ஸில் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். கல்லூரிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ போனபின் உன்னிடம் பேச எனக்கு வேறு வழியும் இல்லை.

நாம் இருவரும் ஒரே வகுப்பில் உளவியல் படித்த நாட்களில் உன் வீட்டுக்கு வருவேன். நீங்கள் எல்லோரும் உங்கள் சௌராஷ்டிர பாஷையில் படபடவென்று பேசிக்கொண்டிருப்பீர்கள். என்னைக் கண்டதும் உன் அம்மா ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே தமிழுக்கு மாறுவார். படிப்பு முடிந்து நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போனேன். நீ ஆராய்ச்சிக்காகச் சிறைக்குப் போனாய். "பொம்பளப்பிள்ள போற எடமா அது?" என்று உன் அண்ணன் சத்தம் போட்டார். நீ கேட்கவில்லை. மனசாட்சி இல்லாத மனிதர்களைப் பற்றி உனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

எனக்கும் அப்போது அரைகுறைப் புரிதல்தான். "சைக்கோன்னா கத்தியத் தூக்கிட்டு சிரிக்கிறவன்தானடி?" என்று கேட்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"அது சினிமாடி. இவங்களுக்குப் பைத்தியமே கெடையாது. எது தப்பு, எது சரின்னு உன்னையும் என்னையும்விட நல்லாத் தெரியும். தப்பு செஞ்சா நமக்கு உள்ள ஒண்ணு உறுத்தும்ல? அது மட்டும் அங்க இருக்காது."

"அப்ப எல்லாரும் ஜெயில்ல இருக்க வேண்டியவங்கதான்."

"அதான் இல்ல. ஜெயில்ல அப்படிக் கொஞ்சப் பேர் இருக்காங்க. மத்தவங்கள்லாம் ஆத்திரத்துலயும் குடியிலயும் மாட்டுனவங்க. உறுத்தி உறுத்தியே பாதி செத்துட்டாங்க."

அப்படி உறுத்திச் செத்துக்கொண்டிருந்தவன்தான் கருப்பையா. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். தண்ணீர் திருப்பும் தகராறில் கையிலிருந்த மண்வெட்டியால் சொந்த அண்ணனை அடித்துவிட்டான். ஒரே அடி. ஆயுள் தண்டனை. உன் கேள்விகளுக்கு அவன் பதில் சொல்லவே மாட்டான் என்றாய். எதைக் கேட்டாலும் கடைசியில், "எங்கண்ணன் அன்னைக்குக் காலையில எனக்கும் சேத்துத்தான் டீ வாங்கிட்டு வந்தாரும்மா" என்பதில் வந்து நின்று அழுவான். அவனைப் பார்த்துவிட்டு வரும் நாட்களில் உனக்குச் சோறு இறங்காது.

அந்தச் சிறைக்குத் தன் கட்சிக்காரர்களைப் பார்க்க வந்த வக்கீலைத்தான் நீ கல்யாணம் செய்துகொண்டாய். பிடிக்காதவர் யார் அவனை? காவலரிலிருந்து கைதிவரை எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆள். வேறு சாதி என்று முதலில் முகத்தைத் திருப்பிய உன் அம்மா, ஒரே மாதத்தில் அவனுக்காகத் தனியாகப் பலகாரம் செய்து வைக்க ஆரம்பித்தார். கருப்பையாவின் மேல்முறையீட்டைத் தானே இலவசமாக நடத்துவதாக அவன் சொன்னபோது நீ உருகிப் போனாய். பத்திரிகையில்கூட அதைப் பற்றி நாலு வரி வந்தது.

கருப்பையாவின் அம்மா வாரம் தவறாமல் சோழவந்தானிலிருந்து உன் வீட்டுக்கு வரும். மடியில் ஒரு கவுளி வெற்றிலை. நானும் ஒரு தடவை இருந்தேன். வாசற்படியைத் தாண்டி உள்ளே வராது.

"தம்பி, கேசு எம்புட்டுத் தூரத்துல நிக்குது?"

"மெட்ராஸ் ஹைகோர்ட்ல நம்பர் ஆயிருச்சு ஆத்தா. அடுத்த மாசம் எடுத்துருவாங்க. கவலப்படாம போ."

"அந்த நம்பரச் சொல்லுங்கய்யா. சாமிகிட்ட சொல்லி வேண்டிக்கிருதேன்."

அவன் சிரித்துக்கொண்டே ஒரு நம்பர் சொன்னான். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே தெருமுனைவரை நடந்து போனதை நான் பார்த்தேன். எவ்வளவு நல்ல மனிதன் என்று அன்று நினைத்தேன்.

உனக்கு மட்டும் சின்னச் சின்னதாய் ஏதோ தட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. உன் அப்பா இறந்த அன்று, வீட்டுக்குள் நுழைந்த அவன் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அப்புறம் தன் முகத்தை மாற்றிக்கொண்டான் என்றாய். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்ததை, சில வாரம் கழித்து நண்பர்களிடம் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தான் என்றாய். "ஜெயில்ல எடுக்குற டெஸ்ட்ட அவனுக்கும் எடுத்துப் பாரேன்டி" என்று விளையாட்டாகச் சொன்னேன். "பொண்டாட்டி டெஸ்ட் எடுக்கக் கூடாது. கோவத்துல மார்க் போட்டுருவோம்" என்று பேச்சை முடித்துவிட்டாய்.

கருப்பையாவின் அம்மா செத்துப் போனது. இறுதிக் காரியத்துக்குக் காவலோடு போய்த் திரும்பிய கருப்பையா உன்னிடம் சொன்னானாம்: "எங்க ஆத்தா கடைசி மூச்சு வரைக்கும் அந்தக் கேசு நம்பரத்தாம்மா சொல்லிக்கிட்டு இருந்துச்சாம். ஊருக்கே மனப்பாடம்." சொல்லிவிட்டு அவனும் அந்த நம்பரைச் சொன்னான்.

அது உன் கணவனின் ஸ்கூட்டர் நம்பர்.

நீ தினமும் ஏறி உட்காரும் வண்டியின் நம்பர். தெரிந்த ஒருவரை மெட்ராஸ் ஹைகோர்ட்டில் விசாரிக்கச் சொன்னாய். கருப்பையா பெயரில் மேல்முறையீடே அங்கே இல்லை. எந்த நம்பரிலும் இல்லை.

அன்று சாயந்திரம் நடந்ததை நீ எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறாய். ஒரு சொல்கூட மாறாது. அவன் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நீ கேட்டாய். அவன் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை.

"அந்தக் கெழவி நம்பர் கேட்டுச்சு. வாயில வந்ததச் சொன்னேன்."

"ஏன் ஃபைல் பண்ணல?"

"போரடிச்சுருச்சு. விடு. நம்பிக்கையோட செத்துச்சுல்ல, அதுக்கு மேல என்ன வேணும்? சட்னி இருக்கா?"

நீ எழுந்து போய்ச் சட்னி எடுத்து வந்து வைத்தாயாம். "ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கம் மட்டுமே தேடிக்கிட்டு இருந்துருக்கேன்டி" என்றாய் என்னிடம்.

அதன்பின் அவன் செய்ததில் எந்தச் சட்டத்தில் எந்தக் குற்றம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கை நீட்டவில்லை. குரலை உயர்த்தவில்லை. நீ போவதற்கு முன்பே உன் அம்மாவிடம் போய் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அத்தை, அவளுக்கு மனசு சரியில்ல. கொலைகாரங்களோட பேசிப் பேசி என்னையே அப்படிப் பாக்குறா. நான் என்ன செய்யட்டும்?" நீ படித்த படிப்பே உனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நீ விளக்க விளக்க நோய் முற்றிவிட்டது என்றார்கள். உன் அண்ணன் உன்னை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார். மருந்துச் சீட்டோடு நேராக என் வீட்டுக்கு வந்தாய். திரும்பிப் போகவே இல்லை. உன் அம்மா ஒரே ஒரு தடவை வந்து வாசலில் நின்று, "அம்புட்டு நல்ல பையன விட்டுட்டு வந்துட்டியேடி" என்று அழுதுவிட்டுப் போனார். எனக்கும் புரியட்டும் என்றுதானோ என்னவோ, அதைத் தமிழில் சொன்னார்.

என் வீட்டில் இருந்த காலத்தில் நீ உனக்காக ஒரு வழக்கும் போடவில்லை. விவாகரத்துகூடக் கேட்கவில்லை. "அவன்கூட கோர்ட்ல நிக்கிறதுன்னா அவன் எடத்துல போய் வெளையாடுற மாதிரி" என்றாய். கருப்பையாவுக்காக மட்டும் அலைந்தாய். மெட்ராஸில் புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒரு பெண் வக்கீலைப் பிடித்து, மேல்முறையீட்டுக்குக் காலம் கடந்ததை மன்னிக்கச் சொல்லி மனுப் போட வைத்தாய். மெட்ராஸுக்கு ரயிலில் உட்கார்ந்துகொண்டே போய் வந்தாய். மார்பில் கட்டி இருந்ததை அந்த அலைச்சலில் யாரிடமும் சொல்லவில்லை. திட்டமிட்ட கொலை இல்லை, ஆத்திரத்தில் நேர்ந்தது என்று தண்டனையைக் குறைத்தார்கள். அனுபவித்ததே அதற்கு மேல் என்று கருப்பையா வெளியே வந்தான். அந்த மாதம்தான் உனக்கு முதல் ஆபரேஷன். இரண்டாவதற்கு உடம்பு தாங்கவில்லை.

நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். சொல்லாமல் இருக்கத்தான் இத்தனை வருஷம் முயன்றேன்.

உன்னை என் வீட்டுக் கூடத்தில்தான் கிடத்தியிருந்தோம். அவன் வந்தான். சட்டப்படி அவன்தானே உன் கணவன். வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தான், நீ சொன்ன மாதிரியே. பிறகு உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான் பார், தெருவே அழுதது. உன் அம்மா அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அடித்து வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு. என்னவென்று சொல்லித் தள்ளுவது?

கருப்பையா தெருமுனையில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். உள்ளே வரக் கூச்சம். அவனைப் பார்த்ததும் இவன் எழுந்து போய்க் கட்டிப் பிடித்துக்கொண்டான். சுற்றியிருந்தவர்களிடம் திரும்பி, ஈரக் கண்ணோடு, "இவன நாந்தான் வெளிய எடுத்தேன். அவளோட கடைசி ஆசை" என்றான். எல்லோரும் நெகிழ்ந்து தலையாட்டினார்கள். பாடையில் முன் பக்கத்துத் தோள் உன் கணவனுடையது.

எல்லோரும் கலைந்தபின் கருப்பையா என்னிடம் வந்தான்.

"எங்கண்ணன் மூஞ்சி தெனமும் கனவுல வருதுக்கா. எந்திரிச்சு உக்காந்துருவேன். இவுகளுக்கெல்லாம் எப்பிடிக்கா தூக்கம் வருது?"

"நல்லாவே வரும் கருப்பையா" என்றேன். "அதுதான் அவங்க நோய்."

"அப்ப எனக்கு?"

நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய். "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். வகுப்பில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம், சிறையில் இருப்பவர்களெல்லாம் அப்படிப்பட்டவர்களில்லை, அப்படிப்பட்டவர்களெல்லாம் சிறையில் இல்லை என்று சொல்கிறேன். பிள்ளைகள் பரீட்சைக்காக அதை எழுதிக்கொள்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ தெளிவாகப் பேசிய அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "அவன வெறுத்துக்கிட்டுத் திரியாதடி. அங்க உள்ள யாருமே இல்ல. இல்லாத ஆள எதுக்கு வெறுக்குற?" நான் சரி என்று தலையாட்டினேன். உன்னிடம் கற்ற மற்றதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். இதை மட்டும் என்னால் முடியவில்லை. நீ இல்லை, கருப்பையா யாரிடமும் பேசுவதில்லை. நடந்தது நடந்ததுதான் என்று இந்த ஊரில் தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான். நான் வெறுப்பதையும் நிறுத்திவிட்டால் ஊரிடம் அவன் சொன்னதே உண்மையாகிவிடும். அதனால் வெறுத்துக்கொண்டே இருக்கிறேன்.