தாராபுரம் ரோட்டு லாரிகள்

8-2-1994

லாரி உரிமையாளர் சங்கக் கூட்டம். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. லாரி ஆபீசையும் மூன்று லாரிகளையும் நான்தான் பார்க்கிறேன். அழைப்பு மட்டும் இன்னும் 'திரு. மருதாசலம் அவர்கள்' என்றே வருகிறது. போனேன்.

இன்னும் பத்து வருடத்தில் திருப்பூர்ச் சரக்கு எப்படிப் போக வேண்டும் என்று சர்க்கார் திட்டம் போடுகிறதாம். ஊருக்குள் இருக்கிற லாரி ஆபீஸ்களை மூடிவிட்டு, வடக்கே பெருமாநல்லூர் ரோட்டில் எல்லோருக்கும் ஒரே லாரி முனையம். படித்துக் காட்டியது சங்கத் தலைவர் செங்கோட்டையன். என் வீட்டுக்காரருடைய சொந்தத் தம்பி, என் கொழுந்தன்.

நான் எழுந்து கேட்டேன். பனியன் பெட்டியில் பாதி இப்போது தூத்துக்குடி துறைமுகத்துக்குத் தெற்கே போகிறது. முனையம் ஏன் வடக்கே?

"நங்கை, இது பத்து வருசத்துக்கு ரோசனை பண்ற வேலைங்க. நீங்க ஊட்டுக்குப் போங்க. நாங்க பாத்துக்கறோமுங்க."

அண்ணியை 'நங்கை' என்று முறை சொல்லிக் கூப்பிட்டு, இத்தனை 'ங்க' போட்டு ஒரு பொம்பளையை வெளியே தள்ள இந்த ஊரில்தான் முடியும்.

9-2-1994

இன்னும் ஆறவில்லை.

17-2-1994

திட்ட அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி வெளியூர்க்காரர். உட்காரச் சொன்னார், வரைபடத்தை விரித்தார். முக்கால்வாசி லாரி வடக்கே போவதாக எழுதியிருக்கிறது. யார் எண்ணினார்கள் என்று கேட்டேன். சங்கம் கொடுத்த எண்ணிக்கையாம். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ரோட்டில். தெற்கே ஒருத்தனும் போய் நிற்கவில்லை.

மார்ச் 22 பொதுமக்கள் கருத்துக் கேட்பாம். உங்கள் எண்ணிக்கையைக் கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்றார். கொண்டு போகாமல் விடுவேனா?

21-2-1994

எங்கள் ஆபீசில் பெட்டி ஏற்றுகிற ஆட்களுக்குத் தலைவன் காசிமாயன், தேனிப் பக்கத்து ஆள். வாயைத் திறக்கவே யோசிப்பான். இன்று தானாக வந்து சொன்னான்: முனையம் வரப்போகிற இடத்துக்கு ஒட்டினாற்போல் செங்கோட்டையன் தன் மச்சினன் பேரில் பதினாலு ஏக்கர் வாங்கியிருக்கிறான்.

பத்திர ஆபீசுக்குப் போய் நகல் எடுத்தேன். நிஜம்தான். போன ஐப்பசியில் வாங்கியது. எங்களுக்குத் திட்டம் என்று ஒன்று இருப்பதே தை மாதத்தில்தான் தெரியும்.

திருட்டு நாய். எழுதிவிட்டேன். எழுதினதை அடிக்க மாட்டேன்.

5-3-1994

மூன்று நாள் எண்ணி முடிந்தது. வடக்கு ரோட்டில் காசிமாயன் ஆட்கள். தெற்கே தாராபுரம் ரோட்டில் நானே.

அங்கே புளியமரத்தடியில் மூக்கம்மாள் டீக்கடை. அவளும் காசிமாயன் போலத் தெற்கத்திக்காரிதான். கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். லாரியை எண்ணலாம், அதற்குள் என்ன இருக்கிறது, எங்கே போகிறது என்று ரோட்டோரம் உட்கார்ந்தவளுக்கு எப்படித் தெரியும்? மூக்கம்மாள்தான் கேட்டுச் சொன்னாள். அவள் கடையில் நிறுத்தாத டிரைவர் இல்லை. கிளாசைக் கையில் கொடுக்கும்போதே, என்ன லோடு, எந்த ஊர் என்று வாங்கிவிடுகிறாள். மூன்று நாளும் அலுக்கவில்லை.

வடக்கே போனதைப் போல ஒன்றரை மடங்கு தெற்கே போயிருக்கிறது. முக்கால்வாசி துறைமுகத்துக்கு.

12-3-1994

செங்கோட்டையன் வீட்டுக்கு வந்தான். எண்ணினது தெரிந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை.

லாரிகள் அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருக்கின்றன. பர்மிட் புதுப்பிக்க அவன் கையெழுத்து வேண்டும்.

"நான் கையெழுத்துப் போடலீன்னா வண்டி செட்டுலதான் நிக்குமுங்க."

"நிக்கட்டும் தம்பி" என்றேன். கதவைச் சாத்திவிட்டு மூன்று பர்மிட்டையும் எடுத்துத் தேதி பார்த்தேன். பயமா, கோபமா? இரண்டும்தான். மூணு வண்டி. அவர் பதினெட்டு வருசமா ராப்பகலா ஓடி வாங்குன வண்டி. அதை வெச்சு என்னை மெரட்டறான் பாரு.

22-3-1994

கருத்துக் கேட்பு. நான் எழுந்ததும் பின்வரிசையில் சிரித்தார்கள். எண்ணிக்கையைப் படித்தேன். முனையம் தாராபுரம் ரோட்டில் வரட்டும், லாரிகள் இப்போதே தாமாக நிற்கிற இடத்தில் வாசல் வையுங்கள் என்றேன். எழுதியும் கொடுத்தேன்.

செங்கோட்டையன் எழுந்தான். பொம்பளைகள் டீக்கடையில் உட்கார்ந்து எண்ணின கணக்கு என்றான். நான் பத்திர நகலை அதிகாரி மேசையில் வைத்தேன். அவர் சத்தமாகவே படித்தார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

16-4-1994

செங்கோட்டையன் சொன்னபடியே கையெழுத்துப் போடவில்லை. மூன்று லாரியும் நிற்கின்றன. வாடகை வண்டி பிடித்துச் சரக்கு அனுப்புகிறேன். டிரைவர் இருவர் விலகிவிட்டார்கள். சொந்தக்காரர் கல்யாணத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் இலையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

போகட்டும்.

9-9-1994

உத்தரவு வந்துவிட்டது. முனையம் தாராபுரம் ரோட்டில். திட்டக்குழுவில் நானும் உண்டு; இந்த முறை அவர் பெயரில் இல்லை, என் பெயரிலேயே. செங்கோட்டையன் தலைவர் பதவியை விட்டான்; பங்கும் பிரித்துக்கொண்டான். இரண்டு லாரி எனக்கு.

சந்தோஷமா என்றால்... இல்லை. அடித்தவனைத் திருப்பி அடித்த சுகம். அது இவ்வளவு இனிக்கும் என்று தெரியாது.

18-1-1995

இடம் அளக்கப் போனோம். வாசலுக்குக் கல் நட்டார்கள். நேராக மூக்கம்மாள் கடை அடுப்பு மேல்.

அவள் கடை இருப்பது புறம்போக்கு. பட்டா கிடையாது. வாசலைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்று அதிகாரியிடம் கேட்டேன். நீளமான வண்டி திரும்ப அந்த இடம்தான் தோது என்றார். கோப்பைப் புரட்டி, இதை நீங்கள்தானேம்மா கேட்டீர்கள் என்று காட்டினார். என் கையெழுத்து. லாரிகள் தாமாக நிற்கிற இடம். அவை எதற்காக அங்கே நின்றன என்று அன்று எனக்குத் தோன்றவில்லையா?

27-1-1995

முனையத்துக்குள் கடை வாங்கித் தருகிறேன் என்று சொல்லப் போனேன். ஏலத்தில்தான் விடுவார்கள், அவளால் எடுக்க முடியாது. அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஒக்கார எடம் குடுத்தேன் தாயி. அந்த எடத்தையே அளந்துட்டீகளே."

 

30-1-1995

வாசல் வரைபடத்துக்குக் குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன்.

14-6-1995

மூக்கம்மாள் பல்லடம் ரோட்டில் கடை போட்டிருக்கிறாளாம். காசிமாயன் சொன்னான். லாரிகள் சுற்றிக்கொண்டு போயாவது அவளிடம் நிறுத்துகின்றனவாம். என் டிரைவர்கள் இறங்கினால் மட்டும் பால் தீர்ந்துவிட்டது என்கிறாளாம்.

நான் அவளாக இருந்தால் கொதிக்கிற தண்ணீரை எடுத்து ஊற்றியிருப்பேன்.