டர்ஹம் பாலத்தில் வலப்பக்கத்து ஜன்னல்

லிங்கன்,
ஜூன், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பிலிப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சௌக்கியம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை உடம்பு சௌக்கியம், மனசு அவ்வளவாக இல்லை என்று உள்ளதை எழுதிவிடுகிறேன். ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளை கேலமும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அங்கே இப்போது குளிர் தொடங்கியிருக்கும், சளி பிடித்தால் சும்மா விட்டுவிடாதே. இங்கே மழை விட்டபாடில்லை. போன மாதம் நாங்கள் ஊரில் இல்லாதபோது நம் தக்காளிச் செடிகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன பக்கத்து வீட்டு திருமதி ஹாரப், கொட்டுகிற மழையிலும் விடாமல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள், செடியெல்லாம் வேரோடு அழுகிவிட்டது. நான் அவளிடம் ரொம்ப நன்றி என்று சொல்லி ஒரு பாட்டில் ஜாமும் கொடுத்துவிட்டு வந்தேன். உனக்குச் சிரிப்பு வரும். ஆனால் நான் எழுத உட்கார்ந்த சங்கதியும் இதே ரகம்தான், அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

யார்க்குக்கும் எடின்பரோவுக்கும் ரயிலில் போய்வந்தோம், நன்றாக இருந்தது என்று போனில் சொன்னேன் இல்லையா, அதில் பாதியை மறைத்துவிட்டேன். உன் அப்பாவின் கண் நடுவில் மங்கிக்கொண்டே வருகிறது, ஓரத்தில்தான் ஏதோ தெரிகிறது என்பது உனக்குத் தெரியும். மார்ச் மாதம் கண் டாக்டர் சொன்னதுதான் தெரியாது. ஊசி போட்டுக்கொண்டிருந்தாலும் இந்த வருஷம் முடிவதற்குள் தூரத்தில் இருக்கும் பெரிய உருவங்கள்கூடப் பிடிபடாமல் போகலாம், பார்க்க ஆசைப்படுவது ஏதாவது இருந்தால் இப்போதே பார்த்துவிடுங்கள் என்றார். வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்படி என்னதான் பார்க்க ஆசை என்று கேட்டேன். உன் முகத்தைச் சொல்வார் என்று நினைத்தேன், அதைச் சொல்ல அவருக்கு வாய் வருமா. டர்ஹம் பாலத்தைத் தாண்டும்போது தெரியுமே அந்தப் பெரிய தேவாலயம், அதை ரயிலிலிருந்து இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. நீ அங்கே படித்த காலம் முழுக்க ஒவ்வொரு விடுமுறை முடிந்ததும் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தவர் அவர்தானே. வண்டி பாலத்தின் மேல் ஊர்ந்து போகும்போது குன்றின் மேல் கோபுரங்கள் எழும்பி வரும் என்றும், நீங்கள் ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நிற்பீர்கள் என்றும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நாயைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேண்டுமே என்று நான் ஒரு தடவைகூட வந்ததில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் நம் சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. கால அட்டவணை, வரைபடம், பூதக்கண்ணாடி. நான் வாசிப்பேன், அவர் யோசிப்பார், பிறகு முதலில் இருந்து வாசிக்கச் சொல்வார். நியூவார்க்கில் வண்டி மாறி யார்க், அங்கே ரெண்டு ராத்திரி, அப்புறம் எடின்பரோ என்று முடிவானது. டர்ஹமில் இறங்கலாமே என்றேன், ஸ்டேஷனிலிருந்து அந்த மேடும் பள்ளமும் தன் முட்டிக்கு ஆகாது, தவிர அது கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற காட்சி இல்லை, பாலத்தின் மேலிருந்து பார்க்கிற காட்சி என்று சொல்லிவிட்டார். டிக்கெட் வாங்க ஸ்டேஷன் கவுன்ட்டருக்கே போனோம். வடக்கே போகும்போது வலப்பக்கம், ஜன்னலோரம், வண்டி போகிற திசையைப் பார்த்த இருக்கை என்று உன் அப்பா கேட்க, கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையாகத் தேடிக் கொடுத்தாள். பின்னால் வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார். அன்றைக்கு முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டே இருந்தார், பிலிப்பா. அவர் சீட்டியடித்து நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

யார்க்கில் ஒரு குறையும் இல்லை. தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகளுக்குக் கீழே தலையைச் சாய்த்துச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் ஒவ்வொரு நிறமாகப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலை முட்டை சாண்ட்விச்சும் பிளாஸ்க்கில் டீயுமாக வடக்கே போகும் வண்டியில் ஏறினோம். எங்கள் இடத்துக்குப் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு பையனும் பெண்ணும். அந்தப் பெண் அவன் தோளில் சாய்ந்து தூங்குகிறாள், அவன் தன் மழைக்கோட்டை ஜன்னலோரக் கொக்கியில் மாட்டி, வெளிச்சம் அவள் முகத்தில் விழாமல் கண்ணாடியை மறைத்து வைத்திருக்கிறான். உன் அப்பா டிக்கெட்டை மூக்குக்கு நேரே பிடித்து எண்ணைப் பார்த்தார், இருக்கையைப் பார்த்தார், என் காதோரம் குனிந்தார். "நம்ம இடம்தான். ஆனா பாவம், அசந்து தூங்குது. எழுப்ப வேணாம் டோரீன்." அந்தப் பையன் காதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டு என்ன என்பது போல நிமிர்ந்து பார்த்தான். அங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நானும் திறந்தேன், என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணுமில்ல தம்பி, மன்னிச்சுக்கோ, சும்மா நம்பர் பார்த்தோம்." நம் இடத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

இடப்பக்கம், வண்டி போகிற திசைக்கு முதுகைக் காட்டிய ரெண்டு இடம் கிடைத்தது. டர்ஹம் நெருங்கியதும் உன் அப்பா எழுந்து நடைபாதையில் நின்று கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இறங்கப் போகிறவர்கள் வேறு தங்கள் பெட்டிகளோடு முன்னால் வந்து நின்றுகொண்டார்கள், அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கியே பாலம் முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஜன்னலில் வீடுகளின் கொல்லைப்புறமும் குப்பைத்தொட்டிகளும். எடின்பரோவில் இறங்கும்போது அவர் கையிலிருந்த டிக்கெட்டை அந்தப் பையன் பார்த்துவிட்டான். "இது உங்க இடமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எழுந்திருப்போமே. எங்க இடம் அடுத்த பெட்டியில காலியாத்தான் கெடக்கு." அவன் முகம் வாடிவிட்டது, நல்ல பையன்தான். உன் அப்பா அவன் தோளைத் தட்டி, அந்தப் பக்கமும் நல்ல காட்சிதான் என்றார்.

எடின்பரோவைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை. எதைக் காட்டினாலும் நன்றாக இருக்கிறது என்றார். கோட்டை வாசலில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று, ரயில் ஜன்னலில் தொங்கிய அந்தக் கோட்டுக்கு ஓரமாகச் சாம்பல் நிறத்தில் ஏதோ உயரமாகத் தெரிந்தது, அதுதானா என்று என்னைக் கேட்டார். அதுதான் என்றேன். எனக்கு எதுவுமே தெரியவில்லை, பிலிப்பா. திரும்பும்போது பார்க்கலாம் என்றால் வழிநெடுக மழை, கண்ணாடி முழுக்கத் தண்ணீர்.

ஊர் திரும்பியதிலிருந்து அந்தப் பையன் சொன்னதுதான் மனசில் ஓடுகிறது. கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா என்று நீ கேட்டாய், அவ்வளவு தூரம் எதற்கு அலைகிறாய் என்றேன். அப்பாவுக்குக் கண் இப்படி என்று தெரிந்ததும் உடனே கிளம்பி வரவா என்று கேட்டாய், நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம், உனக்கு எப்போது வசதியோ அப்போது வா என்றேன். போனை வைத்துவிட்டு ஆளுக்கொரு அறையில் போய் உட்கார்ந்துகொள்வோம். வரவேண்டாம் என்று நீ எடுத்துக்கொண்டாயோ என்னவோ. எடுத்துக்கொண்டிருந்தால் உன்மேல் தப்பில்லை, நீ கேட்டாய், நாங்கள்தான் ஒன்றுமில்லை என்றோம். உனக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று நினைத்து நினைத்தே, உன்னைப் பார்க்காமல் வருஷங்களைப் போக்கிவிட்டோம். அவர் கண்ணுக்கு இருக்கிற நாளையும் அப்படியே போக்கியிருப்பேன்.

அதனால் நேற்று நான் மட்டும் தனியாக ஸ்டேஷனுக்குப் போனேன். செப்டம்பர் ரெண்டாம் வாரம், யார்க்கில் ஒரு ராத்திரி, அங்கிருந்து டர்ஹம், இந்தத் தடவை அங்கேயே இறங்கி மேட்டுக்கு டாக்ஸி வைத்துக்கொள்வோம். எடின்பரோ வேண்டாம். வலப்பக்கம்தான் வேண்டும் என்றேன். எத்தனை பேர் என்று அந்தக் கவுன்ட்டர்ப் பெண் கேட்டாள், மூன்று பேர், என் மகள் வருகிறாள் என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னேன். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாதாம், பரவாயில்லையா என்றாள், நல்லதாகப் போயிற்று என்றேன். உன்னால் வர முடியுமா, வசதிப்படுமா என்றெல்லாம் இந்தக் கடிதத்தில் நான் கேட்கப் போவதில்லை. நீ வர வேண்டும். அப்பா உன்னைப் பார்க்க வேண்டும், அவருக்குத் தெரியும்போதே பார்க்க வேண்டும்.

கேலமுக்கு என் அன்பைச் சொல். ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் வேண்டிக்கொள்கிறேன், கடவுள் உங்கள் கூடவே இருக்கட்டும். மழைக்கோட்டு மறக்காதே, கனமானதாகக் கொண்டு வா. எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், பேனாவைக் கேட்டு வாங்கினார். கோணல்மாணலாக இருக்கும், பொறுமையாகப் படி.

உன்னைப் பார்க்கத் தவிக்கும்,
அம்மா

பிலிப்பா, ஜன்னலோரம் எனக்கு. நீ பக்கத்தில் உட்கார்.
அப்பா