இரண்டாவது அடிக்கு முன்னால் ஒரு மூச்சு

அன்பு மகன் கோல்பிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் கர்த்தர் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ அந்த டகோட்டாக் குளிரில், எண்ணெய்க் கிணற்று வேலையில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டுக் கடிதம் மேல் கடிதம் போட்டாயிற்று, பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை. குரல் கிசுகிசுப்பாக வருகிறதே, அதை அம்மா கேட்க வேண்டாம் என்று நினைக்கிறாய், எனக்குத் தெரியாதா? அப்பாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. புயலில் பீக்கன் மரம் கோழிக்கூண்டு மேல் சாய்ந்துவிட்டது. உன் நாய் மட்டும் ஒரு கவலையும் இல்லாமல் தின்று கொழுத்திருக்கிறது.

கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு என்னால் எழுத முடியாது. அட்லாண்டா டாக்டரம்மா உன்னைப் பிடிக்க முடியாமல் வீட்டுக்குப் போன் செய்தாள். இன்னொரு தடவை தொண்டையில் கத்தி வைத்தால் இருக்கிற கிசுகிசுப்பும் போய்விடுமாம். “பாட்டு இனிமே இல்லம்மா, பேச்சையாவது காப்பாத்திக்கச் சொல்லுங்க” என்றாள். எப்படியெப்படியோ கேட்டுப் பார்த்தேன், மாற்றிச் சொல்லவில்லை. பாவி மகனே, ரத்தம் கசியும்போதே நிறுத்தியிருக்கக் கூடாதா? பீர், பிக்கப் வண்டி, ஆற்றங்கரை என்று கூட்டத்தோடு சேர்ந்து கத்துகிற பாட்டையெல்லாம் கத்தி முடித்துவிட்டு, கிழிந்த தொண்டையோடு கடைசியில் உன் அந்த மெல்லிய பாட்டைப் பாடுவாய். ரேடியோக்காரர்களுக்குக் கத்தல் வேண்டும், உனக்கு அந்த ஒரு பாட்டு வேண்டும். இரண்டுக்கும் ஒரே தொண்டைதானேடா இருந்தது.

போன வாரம் நம் ஊர்ப் பொருட்காட்சியில் உன்னோடு ஜோடியாகப் பாடின ரீஸ் பாடினான். பேனரில் இன்னும் ‘ரீஸ் – கோல்பி’ என்றுதான் இருக்கிறது. உன் இடத்தில் ஜேக்ஸ் என்று ஒரு பையன், தொப்பியும் பூட்ஸும் உன்னை மாதிரியே. வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வேலியோரம் நின்றோம். ஆட்டமெல்லாம் முடிந்து அந்த மெல்லிய பாட்டு தொடங்கியது. அந்தப் பையன் வாயைத் திறந்தான், வந்தது உன் குரல். ஐயோ கோல்பி, கடலையெல்லாம் கீழே கொட்டிவிட்டது. பழைய பதிவை ஓடவிட்டு அவன் வாயை மட்டும் அசைக்கிறான். இரண்டாவது அடிக்கு முன்னால் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பாயே, சின்ன வயசுச் சளியில் வந்த பழக்கம், அதுகூட அப்படியே இருந்தது. பாஸ்டர் வீட்டம்மா என் தோளைத் தட்டி, “உம் மகன் என்னமா பாடுறான், ஆளைத்தான் காணோம்” என்றாள். அப்பா போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் ரீஸ் நம் சமையலறையில் உட்கார்ந்து அழுதான். என்னை இன்னும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். “பழைய பதிவை ஓட்டிக்க அவன் ஒரு வார்த்தை சரின்னா போதும்மா, அவன் குரல் மேடையில இருக்கும். இல்லேன்னா பாட்டுக் கம்பெனிக்காரங்க ஜேக்ஸை வச்சு எல்லாத்தையும் திரும்பப் பதிஞ்சிருவாங்க. அப்புறம் கோல்பி எங்கேயுமே இருக்க மாட்டான்” என்றான். அப்பா பின்கட்டிலிருந்தே, “முடியாதுன்னு எழுதுடி. அது எம் பையன் இல்ல, வெறும் மெஷினு” என்று கத்தினார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. எனக்கு உன் குரல் கேட்கிறது அங்கே மட்டும்தான், அதையும் அணைக்கச் சொல்கிறாரே என்று.

அதனால் அவரிடம் சொல்லாமல் சனிக்கிழமை பக்கத்து மாவட்டப் பொருட்காட்சிக்கு நானே வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். முன்வரிசையில் நின்றேன். அதே பாட்டு, அதே குரல், அதே இடத்தில் அதே மூச்சு. ஒரு மயிரிழை மாறவில்லை. நீ ஒரு நாளாவது இரண்டு தடவை ஒரே மாதிரி பாடியிருக்கிறாயா? சந்தோஷமாக இருந்தால் இழுப்பாய், என்னோடு சண்டை போட்டிருந்தால் அவசரமாக முடிப்பாய். அங்கே நின்றுகொண்டு, இனி நான் எத்தனை பொருட்காட்சிக்குப் போனாலும் இதேதான், என் பிள்ளை இதில் இல்லை என்று தெரிந்துபோயிற்று. வண்டிக்குத் திரும்பி வந்து வாய்விட்டு அழுதேன்.

அதனால் ரீஸிடம் முடியாது என்றே சொல்லிவிடு. சொன்னால் மட்டும் என்ன கிடைத்துவிடும், ஒன்றும் கிடைக்காது, ஜேக்ஸ் பாடுவான், ஜனங்கள் அதற்கும் கைதட்டுவார்கள். உன்னைத் தேற்ற என்னிடம் வேறு வார்த்தை இல்லை. கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொள், இனி எதற்கு என்று கழற்றி எறியாதே. இன்னும் ஒன்று. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் உனக்குப் போன் போடுவேன். நீ எடுப்பாய் என்று பெரிதாக நம்பவில்லை, போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் எடுக்கவில்லையே. எடுத்தால் நீ பேசவே வேண்டாம் கண்ணா. மூச்சு மட்டும் விடு. நீதான் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
போனில் காதை வைத்துக்கொண்டு காத்திருக்கும் உன் அம்மா,
வெர்லின்