நாலாம் பாகத்தில் நீ கட்டின பாலம்

அன்பான அன்ரன் மச்சான்,

மேலே எப்படிப் போகுது? அங்கேயும் ஆரையாவது பிடித்து இருத்திக் கதை சொல்லிக்கொண்டுதான் இருப்பாய். கேட்கிறவர்கள் பாவம், எழும்பிப் போகவும் வழியில்லை.

உன் ஓராண்டு நினைவு மலருக்கு ரெண்டு வரி எழுதித் தரச் சொல்லி ரீற்றா வந்தா. "நான் அளவுக் கொப்பியில இடுப்பு, நீளம், கைச்சுற்று மட்டும் எழுதுற ஆள், தங்கச்சி" என்றேன். "அதையே எழுதுங்கோ, அந்தாளுக்கு விளங்கும்" என்றா. உன் மனிசியல்லோ, வாய் குறையுமா? ஆனால் ரெண்டு வரியில் முடியாது மச்சான். உன்னிடம் எனக்கு ஒரு பெரிய கேள்வி இருக்கிறது.

மலரைக் கையில் வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நீ துறைமுகத்தில் கிளார்க். பின்னேரம் வேலை விட்டால் வீட்டுக்குப் போகாமல் கொட்டாஞ்சேனையில் இருக்கிற என் தையல் கடைக்கு வருவாய். நான் மெசின் மிதிக்க, எனக்கு நேரெதிரே கிடக்கிற மர வாங்கில் குந்தியிருந்து, தடித்த இங்கிலீசுப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்துத் தமிழில் கதை சொல்லுவாய். மொத்தம் ஆறு பாகம். வாள், கோட்டை, நெருப்புக் கக்குகிற பறக்கும் பாம்பு. எல்லாம் பழைய புத்தகக் கடையில் நீ பொறுக்கினது. பேப்பரால் உறை போட்டு, முதுகில் ஒன்று, இரண்டு என்று பேனையால் இலக்கம் போட்டிருப்பாய்.

கதாநாயகன் ஒரு தோணிக்காரன். அவன் பெயர் என் வாய்க்குள் அடங்கவில்லை. அதனால் 'மாட்டன் தம்பி' என்று நானே பெயர் வைத்தேன். ராச்சியத்தைக் காப்பாற்றப் பிறந்தவன் நீதான் என்று கிழவர்கள் காலில் விழுவார்கள். "நான் மாட்டன், என்ர துடுப்பைத் தாங்கோ" என்பான். வாளைக் கொடுத்தால் மீன் வெட்டப் பார்ப்பான்.

"டேய், இவன் எப்ப சண்டைக்குப் போறது? நான் நாலு காற்சட்டை முடிச்சிட்டன்" என்று கத்துவேன்.

"பொறு மச்சான். மாட்டன் எண்டுறவன் போனாத்தான் அது கதை" என்பாய்.

வில்லன் வேறு ஆருமில்லை, அவனுடைய சொந்த அண்ணன், கறுப்புக் கோட்டைக்காரன். நன்றாகப் படித்தவன். சபை நடுவில் தம்பியை "வெறும் தோணிக்காரன்" என்று சொல்லிச் சிரித்தவன். அந்தச் சிரிப்பு புத்தகத்தில் இருந்ததா, அதையும் நீதான் வைத்துத் தைத்தாயா?

ஏனென்றால் எனக்கும் வெள்ளவத்தையில் ஒரு அண்ணா இருக்கிறார், பள்ளிக்கூட வாத்தியார். என் மூத்தவளின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிளை வீட்டார் நிறைந்திருக்க, "இவன் அஞ்சாம் வகுப்பே முடிக்கேல்லை" என்று தொடங்கினார். நான் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினேன். ஊரையெல்லாம் பகிடி பண்ணுகிற எனக்கு ஒரு பகிடி தாங்க முடியவில்லை. அதோடு ஒன்பது வருசம் கதை பேச்சில்லை.

நாலாம் பாகத்தில் அந்த ரெண்டு பேரையும் ஒரு பாலத்தின் ரெண்டு முனையில் கொண்டுபோய் விட்டாய். அண்ணன் படையோடு, தம்பி தனியாக. மூன்று நாள் அங்கேயே நிற்க வைத்தாய். நாலாம் நாள் தம்பி வாளைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையோடு நடந்தான். நடுப்பாலத்தில் அண்ணன்காரன் கேட்டான்: "ஏன்டா இவ்வளவு நாள்?"

நான் மெசினை நிப்பாட்டினேன். நீ புத்தகத்தை மூடிவிட்டுத் தேத்தண்ணி கேட்டாய்.

அடுத்த ஞாயிறு வெள்ளவத்தைக்குப் போனேன். அண்ணா கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன, வழி தவறி வந்தனியோ?"

"ஓம். தோணி இந்தப் பக்கம் ஒதுங்கிட்டுது."

"சாப்பிட்டியா?"

"ஒன்பது வருசமா இல்லை."

உள்ளே அண்ணி சிரித்துவிட்டா. அதோடு முடிந்தது சண்டை.

ஐந்தாம் பாகத்தின் உறையைத் தடவி, "நாளைக்குத் தொடங்குவம்" என்றாய். மறுநாள் ரீற்றாவின் போன்தான் வந்தது.

இனிப் புதினம் கேள். ரீற்றா ஆறு புத்தகத்தையும் கடையில் கொண்டுவந்து வைத்தா. கதை அரைகுறையில் நிற்கிறதே என்று நான் புலம்ப, அண்ணா போன மாதம் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்து உன் வாங்கில் இருந்தார். ஐந்தாம் பாகத்தை விரித்தார். வரிக்கு வரி தமிழாக்குகிற வாத்தியார் வாசிப்பு, ஒரு சொல் தப்பாது. மூன்றாவது பக்கத்தில் நின்றார்.

"தம்பி, இதில அண்ணன்காரன் செத்துப்போனான் எண்டெல்லோ கிடக்கு."

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணா. பாலத்தில ரெண்டு பேரும் ராசியாகிட்டினம்."

"இல்லை. பாலத்தில தம்பி வெட்டினவன் எண்டு இருக்கு."

நாலாம் பாகத்தை எடுத்து உறையைக் கழற்றினார். மச்சான், உள்ளே இருந்தது என் தையல் மெசினின் புத்தகம்! ஊசி மாற்றுவது எப்படி, எண்ணெய் விடுவது எப்படி. ரெண்டு வருசமாய் நான் மேசை லாச்சியெல்லாம் இழுத்துக் கவிழ்த்துத் தேடின அதே புத்தகம். மற்றதெல்லாம் செங்கல் மாதிரி இருக்க இது மட்டும் ஏன் சப்பட்டை என்று அப்போதே கேட்டனான். "இந்தப் பாகத்தில சண்டை குறைவு" என்றாய், கள்ளா!

நான் வயிறு நோகச் சிரித்தேன். அண்ணா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப, நீ இந்தக் கதையைக் கேட்டோ என்னட்ட வந்தனீ?"

"ஓம்."

"நானோ அந்தக் கறுப்புக் கோட்டைக்காரன்?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"கோட்டை இல்லை. மற்றதெல்லாம்."

எழும்பி வாசலுக்குப் போனார். எனக்குப் பகிடியெல்லாம் வற்றிப்போனது. இந்த மனிசன் படியிறங்கினால் இன்னுமொரு ஒன்பது வருசம். எங்கள் வயதுக்கு அவ்வளவு துணி மிச்சமில்லை, மச்சான்.

படியிறங்கவில்லை. தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: "அண்டைக்கு நான் சொல்ல வந்தது, அஞ்சாம் வகுப்பே முடிக்காதவன் மூண்டு பிள்ளையளையும் படிப்பிச்சு ஆளாக்கினவன் எண்டு. முதல் பாதியோட கதவைச் சாத்திட்டாய். என்ர புத்தகத்தில நீதான்டா வில்லன்."

அந்த ரெண்டாம் பாதி உண்மையில் அன்றைக்கே இருந்ததா, வாசலில் நின்றபோதுதான் பிறந்ததா? கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை.

திரும்பி வந்து உன் வாங்கில் இருந்தார். ஐந்தாம் பாகத்தை மறுபடி விரித்தார். தொண்டையைச் செருமினார்.

"விடிய, அண்ணனும் தம்பியும் ஒரே தோணியில ஏறிச்சினம். 'துடுப்பை நான் பிடிக்கிறன்' எண்டான் அண்ணன். 'மாட்டன்' எண்டான் தம்பி..."

எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் அவர் கண் அப்போது புத்தகத்தில் இருக்கவில்லை. பொய் சொன்ன பிள்ளைகளை வாங்கில் ஏற்றி நிற்க வைத்த வாத்தியார் அவர்!

இப்போது என் கேள்வி. உண்மையான நாலாம் பாகம் உனக்குக் கிடைக்கவே இல்லையா? அல்லது வாசித்து, பாலத்தில் நடந்ததைக் கண்டு, என் முகத்தையும் பார்த்துவிட்டு, எங்கேயாவது ஒளித்தாயா? "அலுமாரிக்குப் பின்னால தேடிப் பார்க்கட்டோ?" என்று ரீற்றா கேட்டா. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து அந்த அலுமாரி நினைவாகவே இருக்கிறேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். மெசின் புத்தகத்துக்கு உன் உறையையே திரும்பப் போட்டு, மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். மெசின் பழுதானாலும் கழற்ற மாட்டேன். பதிலை உன் வாயால்தான் கேட்பேன். அதற்காக இப்போதே வா என்று கூப்பிடாதே. மாட்டன். அண்ணா இன்னும் ஐந்தாம் பாகத்தில்தான் நிற்கிறார்.

கைவிடாத உன் மச்சான்,
தையல் கடை ராசு